மிதமான செலவில் நல்ல பால்சாமிக் வினிகர்: எந்தப் போத்தலை வாங்குவது?

சிங்கப்பூரின் பெரிய பேரங்காடி ஒன்றில் வினிகர் அடுக்கப்பட்டிருக்கும் தட்டின் முன் நின்று பார்த்தால், ஏறத்தாழ 8 வெள்ளிக்கு 500 மில்லிலிட்டர் பால்சாமிக் வினிகரும் அதன் பக்கத்திலேயே 20 வெள்ளிக்கு 250 மில்லிலிட்டர் பால்சாமிக் வினிகரும் இருப்பதைக் காணலாம். திராட்சைச் சாற்றிலிருந்து செய்யும், இனிப்பும் புளிப்பும் கலந்த இந்த வினிகர் இரண்டின் முகப்பிலும் இத்தாலியின் மோடெனா நகரப் பெயர்தான் இருக்கும். இரண்டிலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் அதே நீல, மஞ்சள் வட்ட முத்திரைதான் இருக்கும். ஆனால் அளவுக்கு அளவு ஒப்பிட்டால் விலை ஐந்து மடங்கு. அந்த ஐந்து மடங்குக்கு என்ன கிடைக்கிறது, அது நம் வீட்டுச் சமையலுக்குத் தேவைதானா, இவற்றுக்கு மேலும் கீழும் உள்ள மற்ற வகைகளில் எதையாவது வாங்குவது மேலா என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சமைத்த உணவின் மேல் சில துளிகள் விட்டு உண்பதற்காக வாங்குவோர், 15 முதல் 25 வெள்ளிக்குள் கிடைக்கும் அடர்த்தியான 250 மில்லிலிட்டர் போத்தலை வாங்குவதே சரியான தேர்வு. ஊறவைப்பதற்கும் வதக்குவதற்கும் தாராளமாக ஊற்றுவோருக்கு 8 வெள்ளிப் போத்தலே போதும். இந்த இரண்டுக்கும் நடுவில் அழகான புட்டியிலும் பெரிய சொற்களிலும் பணத்தைச் செலவழிப்பதுதான் வீண். எந்தப் போத்தல் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை முகப்பைப் பார்த்து அறிய முடியாது. பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருப்பதைப் படித்தால் அறிந்துகொள்ளலாம்.

விலைகள் ஏன் இப்படி விலகி நிற்கின்றன என்பது புரிய, இப்பண்டத்தின் மூலம் எது என்று தெரிந்திருக்க வேண்டும். மோடெனா, ரெஜியோ எமிலியா ஆகிய இரு மாவட்டங்களிலும் திரெப்பியானோ, லாம்புருஸ்கோ போன்ற திராட்சைகளைப் பிழிந்து, அந்தச் சாற்றைத் திறந்த பாத்திரத்தில் பல மணி நேரம் காய்ச்சிச் சுண்டவைக்கிறார்கள். பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டிப் பதத்தை நோக்கிக் கொண்டுபோவதைப் பார்த்தவர்களுக்கு இதன் நிறமும் மணமும் அயலாகத் தோன்றா. வேறுபாடு அதன் பிறகுதான் தொடங்குகிறது: சுண்டிய சாறு நொதித்துப் புளித்து, ஓக், செஸ்நட், செர்ரி, மல்பெரி, ஜூனிப்பர் எனப் பல மரங்களில் செய்த, ஒன்றைவிட ஒன்று சிறிதான பீப்பாய்களின் வரிசையில் ஆண்டுக்கணக்கில் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் மிகச் சிறிய பீப்பாயிலிருந்து சிறிதளவு எடுக்கப்படும். அந்தக் குறையை அதற்கு அடுத்த பெரிய பீப்பாய் நிரப்பும். அதை அதற்கடுத்தது நிரப்பும். கோடைச் சூடும் குளிர்காலக் குளிரும் மாறி மாறிப் படவேண்டும் என்பதற்காகவே இப்பீப்பாய்களை வீட்டின் கூரைக்கடியில் உள்ள பரணில் வைப்பது அங்குள்ள வழக்கம்.

இந்த முறையில் உருவாகி, குறைந்தது 12 ஆண்டுகள் முதிர்ந்து, சுவைஞர் குழுவின் ஒப்புதல் பெற்ற பிறகே போத்தலில் அடைக்கப்படுவதுதான் ‘ட்ரடிசியொனாலே’ எனப்படும் மரபுவழி வினிகர். அதற்குச் சிவப்பு, மஞ்சள் நிற டி.ஓ.பி. (பாதுகாக்கப்பட்ட தோற்றப் பெயர்) முத்திரை உண்டு. 25 ஆண்டுகள் முதிர்ந்தது ‘எக்ஸ்ட்ராவெக்கியோ’. மோடெனாவிலிருந்து வருவது, கார் வடிவமைப்பில் பெயர் பெற்ற ஜியோர்ஜெத்தோ ஜுஜாரோ வரைந்துகொடுத்த, உருண்டை வயிறும் செவ்வக அடியும் கொண்ட 100 மில்லிலிட்டர் போத்தலில்தான் வரும். எந்தத் தயாரிப்பாளருடையதாக இருந்தாலும் வடிவம் ஒன்றே. ரெஜியோ எமிலியாவினர் முதிர்ச்சியைச் சிவப்பு, வெள்ளி, பொன் நிற வில்லைகளால் காட்டுகிறார்கள். சிங்கப்பூரில் இந்த 100 மில்லிலிட்டருக்கு நூறு வெள்ளிக்கு மேல், முதிர்ந்ததற்கு இருநூறையும் தாண்டிக் கொடுக்க வேண்டியிருக்கும். உலகின் மிகச் சிறந்த உணவுப்பொருள்களில் இது ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் மிதமான செலவு என்ற வரம்புக்குள் இது வராது. இதைச் சாலட்டில் ஊற்றுவதும் அடுப்பில் வைப்பதும் அதன் அருமையை அழிப்பதாகும். உணவில் உண்மையான ஆர்வம் உள்ள ஒருவருக்கு மணநாள் பரிசாகக் கொடுக்கலாம். அன்றாடத் தேர்வில் இதை ஒதுக்கிவைத்துவிட்டு மேலே செல்வோம்.

நம் கவனத்துக்கு உரியது, நீல முத்திரை பெற்ற ஐ.ஜி.பி. (பாதுகாக்கப்பட்ட புவிசார் குறியீடு) வகை. ‘அச்செத்தோ பால்சாமிக்கோ டி மோடெனா’ என்ற இப்பெயரை ஐரோப்பிய ஒன்றியம் 2009ஆம் ஆண்டு ஜூலை மாதம் பதிவு செய்து பாதுகாப்பு வழங்கியது. சிங்கப்பூரிலும் புவிசார் குறியீடுகளுக்கான பதிவகம் 2019 ஏப்ரலில் செயல்படத் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்துடனான தடையற்ற வர்த்தக உடன்பாடு அதே ஆண்டு நவம்பரில் நடப்புக்கு வந்தது. ஆகவே ஐரோப்பியப் புவிசார் பெயர்களுக்கான பாதுகாப்பு இங்கும் வெறும் சொல்லளவில் நிற்பதில்லை. ஆனால் அந்த முத்திரை எதை உறுதி செய்கிறது, எதை உறுதி செய்யவில்லை என்பதை அறியாமல் வாங்குவதால்தான் பலரும் ஏமாற்றமடைகிறார்கள்.

விதி சொல்வது இதுதான். கலவையில் திராட்சைச் சாறு குறைந்தது 20 விழுக்காடு இருக்க வேண்டும். ஒயின் வினிகர் குறைந்தது 10 விழுக்காடு இருக்க வேண்டும். நிறம் மாறாதிருக்க 2 விழுக்காடு வரை கேரமல் சேர்க்கலாம். மரப் பாத்திரத்தில் குறைந்தது 60 நாள் இருக்க வேண்டும். புளிப்பு 6 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது. இந்த எண்களை ஒருமுறை நிதானமாகப் பார்த்தால், கடைத்தட்டில் கண்ட விலை வேறுபாட்டுக்கு விடை கிடைத்துவிடும். சாறு 20 விழுக்காட்டை ஒட்டி, எஞ்சியது பெரும்பாலும் ஒயின் வினிகராகவும் ஓரளவு கேரமலாகவும் உள்ள ஒரு போத்தலும், சாறே முக்கால் பங்குக்கு மேல் உள்ள இன்னொரு போத்தலும் ஒரே முத்திரையை நேர்மையாகவே பெறலாம். சாறுதான் விலை கூடியது. ஒயின் வினிகர் மலிவானது. நாம் கூடுதலாகக் கொடுக்கும் வெள்ளியில் பெரும்பகுதி சாற்றுக்கே போகிறது, அல்லது போக வேண்டும்.

அது உண்மையில் சாற்றுக்குத்தான் போகிறதா என்பதை மூன்று இடங்களில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். முதலாவது, உட்பொருள் பட்டியலின் வரிசை. எடை கூடிய பொருள் முதலில் வரவேண்டும் என்பது பொது விதியாகையால், ‘குக்டு கிரேப் மஸ்ட்’ அல்லது ‘கான்சன்ட்ரேட்டட் கிரேப் மஸ்ட்’ என்ற சொற்கள் முதலில் இருந்தால் அதில் வினிகரைவிடச் சாறு அதிகம். ‘ஒயின் வினிகர்’ முதலில் இருந்தால் புளிப்பே மேலோங்கும். இந்த ஒரு வரியை மட்டும் படித்தாலே தட்டில் உள்ள போத்தல்களில் பாதிக்கு மேல் கழிந்துவிடும். காய்ச்சிய சாறு, செறிவூட்டிய சாறு என்ற இரண்டில், காய்ச்சியதன் சுவை கூடுதல் ஆழமுடையது என்பது என் அனுபவம். ஆனால் இந்த விலையில் அதை நிபந்தனையாக வைக்கத் தேவையில்லை.

இரண்டாவது, கேரமல். ஈ150டி என்ற குறியீடோ ‘கலர்: கேரமல்’ என்ற சொல்லோ இருந்தால் அது தீங்கு என்று பொருளில்லை, சட்டம் அனுமதிப்பதுதான். ஆனால் நன்கு சுண்டிய சாறு தன்னிலேயே கருமையானது. அதற்கு வெளியிலிருந்து நிறம் தேவைப்படாது. நிறம் சேர்க்கப்பட்டிருக்கிறது என்றால் சாறு குறைவாக இருக்க வாய்ப்புண்டு என்று எடுத்துக்கொள்ளலாம். 20 வெள்ளி கேட்கும் போத்தலில் கேரமல் இருந்தால் நான் அதைத் திரும்பத் தட்டிலேயே வைத்துவிடுவேன். 8 வெள்ளிப் போத்தலில் இருந்தால் பொருட்படுத்தமாட்டேன்.

மூன்றாவதாகப் பார்க்கவேண்டியது, பலரும் கவனிக்காத ஊட்டச்சத்து அட்டவணை. ஐ.ஜி.பி. வகையில் வெளியிலிருந்து சர்க்கரை சேர்க்க இடமில்லை. இனிப்பு, ஏறத்தாழ முழுவதும் திராட்சையிலிருந்தே வரவேண்டும். ஆகவே 100 மில்லிலிட்டரில் எத்தனை கிராம் சர்க்கரை என்ற எண், அதில் எவ்வளவு சாறு இருக்கிறது என்பதற்கான நல்ல சான்று. சட்டத்தின் கீழ்வரம்பு லிட்டருக்கு 110 கிராம், அதாவது 100 மில்லிலிட்டருக்கு 11 கிராம். மலிவான போத்தல்கள் இந்த வரம்புக்குச் சற்று மேலே நிற்கும். நல்ல அடர்த்தியுள்ளவை 50 கிராமையும் தாண்டும். இரண்டு போத்தல்கள் ஒரே விலையில் இருந்து, ஒன்றில் 20 கிராமும் மற்றொன்றில் 45 கிராமும் அச்சிடப்பட்டிருந்தால், துளித்து உண்பதற்கு இரண்டாவதையே தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தச் சோதனை நீல முத்திரை உள்ள போத்தலுக்கு மட்டுமே பொருந்தும் என்பதை மறக்கக்கூடாது. முத்திரை இல்லாதவற்றில் குளுக்கோஸ் பாகு சேர்ந்திருந்தால் அதே எண் நம்மைத் தவறான முடிவுக்குக் கொண்டுசெல்லும்.

கடையிலேயே செய்யக்கூடிய இன்னொன்றும் உண்டு. போத்தலை மெல்லச் சாய்த்து மீண்டும் நிமிர்த்துங்கள். நீர்த்த வினிகர் கழுத்துப்பகுதிக் கண்ணாடியிலிருந்து உடனே வழிந்து, கண்ணாடி தெளிந்துவிடும். அடர்ந்தது பழுப்பு நிறப் படலமாக ஒட்டி நின்று, விளிம்பில் மெதுவாகத் திரண்டு இறங்கும். விளக்கொளியில் பிடித்தால் கருமைக்குள் செம்பழுப்பு தெரியும். கண்ணாடி மிகக் கரியதாக இருந்தால் இது பயன்படாது. அப்போது பட்டியலை நம்புவதே வழி.

முகப்பில் உள்ள சொற்களைப் பற்றியும் சொல்லவேண்டும். குறைந்தது மூன்று ஆண்டு மரத்தில் இருந்த ஐ.ஜி.பி. வினிகருக்கு ‘இன்வெக்கியாத்தோ’ என்று போட அனுமதி உண்டு. அது நம்பத்தக்க சொல். ‘எக்ஸ்ட்ரா’, ‘ரிசர்வா’, ‘சுப்பீரியோரே’, ‘கிளாசிக்கோ’ போன்ற பட்டங்களை ஐ.ஜி.பி. விதி தடைசெய்கிறது. ஆகையால் அத்தகைய சொற்களைத் தாங்கிய போத்தலைக் கண்டால், முத்திரை இருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்க்க வேண்டும். முத்திரையற்ற போத்தல்களில் காணப்படும் 8, 12, 20 போன்ற எண்கள் ஆண்டுகளைக் குறிப்பதாக எண்ணிக்கொள்வதும் கூடாது. பல சமயம் அது அந்த நிறுவனத்தின் வரிசை எண் மட்டுமே. சில போத்தல்களில் ஒன்று முதல் நான்கு வரை இலைச் சின்னம் இருக்கும். இத்தாலியச் சுவைஞர் சங்கம் ஒன்று வகுத்த இந்த முறையில், ஓரிலை மென்மையானது, நான்கிலை மிக அடர்ந்தது. அது வயதைச் சொல்வதில்லை. எதற்குப் பயன்படுத்தலாம் என்பதைச் சொல்கிறது. அந்த அளவில் மிகவும் உதவியானது.

வயதா, அடர்த்தியா என்று கேட்டால், இந்த விலை வரம்புக்குள் அடர்த்தியைத் தேர்ந்தெடுங்கள் என்பதே என் பதில். மூன்று ஆண்டு மரத்தில் இருந்தும் சாறு குறைவாகவே இருந்தால், மரத்தின் மணம் ஏறியிருக்கும், ஆனால் நாக்கில் நிற்காது. அடர்ந்த இளம் வினிகரோ இனிப்பும் புளிப்பும் சமன்பட்டு, ஒரு துண்டு பார்மசான் சீஸின் மேலும் ஸ்ட்ராபெரியின் மேலும் ஒட்டிக்கொண்டு தன் வேலையைச் செய்துவிடும்.

செலவை ஒரு தேக்கரண்டி அளவில் கணக்கிட்டால் தேர்வு இன்னும் தெளிவாகும். 8 வெள்ளி அரை லிட்டர் போத்தலில் ஒரு தேக்கரண்டி 8 காசு. 20 வெள்ளி கால் லிட்டர் போத்தலில் 40 காசு. 150 வெள்ளிக்கு வாங்கிய மரபுவழி வினிகரில் 7 வெள்ளி 50 காசு. வாட்டிய பறங்கிக்காய்த் தட்டின் மேலோ வெண்ணிலா ஐஸ்கிரீமின் மேலோ ஒருவருக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் தேவைப்படாது. ஆகவே 40 காசு என்பது பெரிய ஆடம்பரமில்லை. ஆனால் கோழியை ஊறவைக்க அரைக் கோப்பை ஊற்றுபவருக்கு அதே போத்தல் ஒரே சமையலில் பாதி காலியாகிவிடும். மேலும் அடர்ந்த வினிகரைச் சூடான சட்டியில் ஊற்றினால் அதன் சர்க்கரை விரைவில் தீய்ந்து கசக்கும். நுண்ணிய மணம் ஆவியோடு போய்விடும். வெங்காயத்தை மெல்லிய தீயில் வதக்கிக் கடைசியில் சேர்ப்பதற்கும், பனீரையும் கத்தரிக்காயையும் ஊறவைப்பதற்கும், எண்ணெயோடு அடித்துத் தக்காளி, வெள்ளரி சாலட்டில் கலப்பதற்கும் மலிவானதே பொருத்தம். இதில் மலிவு என்பது குறையன்று; புளிப்பு முன்னிற்க வேண்டிய இடத்தில் அது முன்னிற்கிறது.

மற்ற வகைகளைச் சுருக்கமாகப் பார்க்கலாம். ‘கொண்டிமெந்தோ’ என்ற பெயரில் வருபவற்றுக்கு ஒரே சீரான சட்ட வரையறை இல்லாததால், சிறந்ததும் சாதாரணமானதும் அருகருகே நிற்கும். மரபுவழி வினிகர் செய்யும் குடும்பங்களே 12 ஆண்டு நிறையும் முன் எடுத்து இப்பெயரில் விற்பதுண்டு. உட்பொருள் பட்டியலில் காய்ச்சிய திராட்சைச் சாறு மட்டுமே, அல்லது அதனுடன் முதிர்ந்த வினிகர் மட்டுமே இருந்தால், 30 முதல் 60 வெள்ளி வரை செலவிடத் தயாராக உள்ளவர்களுக்கு இதுவே பணத்துக்கு மிக நல்ல மதிப்பு. ‘கிளேஸ்’ அல்லது ‘கிரீம்’ என்று பிதுக்கு போத்தலில் வருவது வேறு பொருள். அதன் அடர்த்தி முதிர்ச்சியால் வந்ததன்று. மாற்றியமைத்த மாவுப்பொருள், சாந்தன் பிசின், குளுக்கோஸ் பாகு போன்றவற்றால் வந்தது. தட்டில் கோடு வரைந்து அலங்கரிக்கப் பயன்படும். நல்ல வினிகருக்கு மாற்றாக அதை வாங்குவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

‘பால்சாமிக்கோ’ என்று மட்டும் இருந்து மோடெனா என்ற பெயர் இல்லாதவையும் கிடைக்கின்றன. ‘அச்செத்தோ’, ‘பால்சாமிக்கோ’ என்ற பொதுச்சொற்கள் தனித்து நின்றால் அவற்றுக்குப் பாதுகாப்பு இல்லை என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 டிசம்பரில் தீர்ப்பளித்ததால், பிற நாட்டவரும் அச்சொற்களைப் பயன்படுத்தலாம். அவற்றில் நல்லவை இருக்கலாம். ஆனால் மேலே சொன்ன விதிகளின் துணை நமக்கு இருக்காது. வெள்ளை நிற வகை, சாறு கருக்காதபடி செய்யப்படுவது. வெள்ளரிக்காயும் காலிஃபிளவரும் நிறம் மாறக்கூடாது என்று கருதுவோருக்கு மட்டும்.

மலிவான போத்தலை வாங்கி வீட்டிலேயே சுண்டவைத்தால் என்ன என்பது நியாயமான கேள்வி. ஒரு கோப்பை வினிகரை அகன்ற சட்டியில் சிறு தீயில் வைத்துப் பாதிக்கும் கீழே வற்றவிட்டால், சர்க்கரை செறிந்து புளிப்பு அடங்கியதுபோல் தோன்றும். கரண்டியின் பின்புறத்தில் படியும் பதம் வந்ததும் இறக்கிவிட வேண்டும், ஆறும்போது இன்னும் இறுகும். வீவக (வீட்டு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் சிறிய சமையலறையில் இதன் ஆவி கண்ணையும் மூக்கையும் எரிக்கும் என்பதால் சன்னல்களைத் திறந்துவைப்பது அவசியம். கிடைப்பது, கடைக் கிளேஸைவிடத் தூய்மையானது, செலவும் குறைவு. ஆனால் மரத்தின் மணமும் சாற்றின் ஆழமும் இதில் வராது. 20 வெள்ளிப் போத்தலோடு அடுத்தடுத்துச் சுவைத்தால் வேறுபாடு உடனே தெரியும். விருந்தினர் பலர் வரும் நாளில், அதிக அளவு தேவைப்படும்போது மட்டுமே இதை நான் நாடுவேன்.

உணவுக் கட்டுப்பாடு உள்ளவர்கள் இரண்டைக் கருதவேண்டும். ஒயின் வினிகர் சேர்வதால், ஹலால் பேணும் குடும்பங்கள் உட்பொருள் பட்டியலை வைத்துத் தாமே முடிவெடுக்காமல், ஹலால் சான்றிதழ் முத்திரை உள்ளதா என்று பார்த்து வாங்குவது நல்லது. நீரிழிவு உள்ளவர்கள், அடர்ந்த வகையில் ஒரு தேக்கரண்டிக்கு இரண்டு முதல் மூன்று கிராம் சர்க்கரை இருக்கிறது என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். துளித்துப் பயன்படுத்தினால் இது பெரிதன்று, கிண்ணத்தில் ஊற்றி ரொட்டியைத் தோய்த்து உண்டால் விரைவில் கூடிவிடும்.

வாங்கும் இடத்தைப் பொறுத்தவரை, ஃபேர்பிரைஸ், கோல்டு ஸ்டோரேஜ் போன்ற பேரங்காடிகளின் பெரிய கிளைகளிலும் முஸ்தபாவிலும் தேடலாம். அடர்ந்த வகைகளுக்கு இத்தாலிய உணவுப்பொருள்களை இறக்குமதி செய்யும் சிறு கடைகளின் இணையப் பக்கங்களே பெரும்பாலும் மேல், ஏனெனில் உட்பொருள் பட்டியலையும் அடர்த்தியையும் படத்துடன் வெளியிடுவார்கள். ஆண்டிறுதியில் பரிசுக் கூடைகளோடு விற்கப்படுபவற்றில் விலையின் ஒரு பங்கு பெட்டிக்கும் நாடாவுக்கும் போகிறது. சலுகை விலையில் இரண்டு போத்தல் கொடுத்தால் தயங்கத் தேவையில்லை. புளிப்பே இதைப் பாதுகாக்கிறது. நம் வெப்பத்திலும் இறுக மூடி, அடுப்பிலிருந்து தள்ளி, வெயில் படாத அலமாரியில் வைத்தால் திறந்த பிறகும் நெடுநாள் நிற்கும், குளிர்பதனப் பெட்டி வேண்டாம். அடியில் மெல்லிய வண்டல் படிந்தாலும் அது கெட்டுப்போனதன் அறிகுறியன்று.

வீட்டில் ஒரே ஒரு போத்தலுக்குத்தான் இடமும் மனமும் உண்டு என்றால், மிக அடர்ந்ததையும் மிக நீர்த்ததையும் விட்டுவிட்டு, சாறு முதலில் வரும், கேரமல் இல்லாத, 100 மில்லிலிட்டருக்கு 30 முதல் 40 கிராம் சர்க்கரை காட்டும் நடுத்தர அடர்த்தியுள்ள நீல முத்திரைப் போத்தலை எடுங்கள். இலைச் சின்னம் இருந்தால் இரண்டிலை. 15 வெள்ளியை ஒட்டிய விலையில் தேடினால் கிடைக்கும். சாலட்டுக்கும் ஊற்றலாம், மாம்பழத் துண்டின் மேலும் துளிக்கலாம்.